உங்களைப் பார்க்காத வாத்தியார்

1978ஆம் ஆண்டு. ‘தி சைனா சிண்ட்ரோம்’ படப்பிடிப்பில் நடிகை ஜேன் ஃபோண்டாவின் பாத எலும்பு முறிந்தது. பல ஆண்டுகளாகப் பாலே நடனப் பயிற்சியால் உடம்பைக் கட்டாக வைத்திருந்தவர் அவர். எலும்பு கூடிய பிறகும் அந்தக் காலை நம்பி பாலே ஆட முடியவில்லை. அடுத்த படத்திலோ நீச்சலுடையில் தோன்ற வேண்டும். வேறு வழி தேடியவர், லாஸ் ஏஞ்சலிஸின் செஞ்சுரி சிட்டியில் கில்டா மார்க்ஸ் நடத்திவந்த பயிற்சிக்கூடத்துக்குப் போனார். அங்கே லெனி காஸ்டன் என்ற ஆசிரியை, இசைக்கு ஏற்ப இடைவிடாமல் உடம்பை வருத்தும் ஒரு பயிற்சிமுறையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஃபோண்டாவுக்கு அது பிடித்துப்போனது.

வீட்டுக் கூடத்தில் திரைக்கு முன் நின்று கைகாலை வீசும் பழக்கம் உலகெங்கும் பரவ அந்த முறிந்த கால் ஒரு காரணம். இந்தப் பழக்கத்தின் வரலாற்றைப் புரட்டினால் திருப்பம் ஒவ்வொன்றிலும் ஒரு காயம் இருக்கிறது. பாதம், கணைக்கால், முழங்கால், தோள்பட்டை. யாருக்கோ அடிபடும், பயிற்சியின் வடிவம் மாறும்.

திரைக்கு முன்பே புத்தகம் இருந்தது. டென்மார்க்கின் ஜே.பி. முல்லர் 1904இல் ‘என் முறை’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். ராணுவப் பொறியாளராக இருந்து பின்னர் காசநோய் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றியவர். ஒரு நாளைக்குப் பதினைந்தே நிமிடம், கருவி எதுவும் வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம் என்பதுதான் அவர் சொன்னது. இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அந்நூல் போனது. எழுத்தாளர் காஃப்கா, ஜன்னலைத் திறந்துவைத்து அந்நூலைப் பார்த்துத் தினமும் பயிற்சி செய்தவர்களில் ஒருவர்.

அதே காலத்தில் லண்டனில் பயில்வான் யூஜின் சாண்டோ தபால் வழியே பாடமும் டம்பெல்லும் விற்றுக்கொண்டிருந்தார். 1904-05இல் இந்தியாவுக்கும் வந்து மேடைகளில் தன் தசைகளைக் காட்டினார். இன்றைய மகாராஷ்டிரத்திலிருந்த ஔந்த் சமஸ்தானத்தின் அரசர் பவன்ராவ் பந்த், சாண்டோவின் நூலையும் கருவிகளையும் வைத்துப் பத்தாண்டு பயிற்சி செய்தவர். பிறகு அவற்றை ஒதுக்கிவிட்டுச் சூரிய நமஸ்காரத்துக்கு மாறி, அதையே ஊரெங்கும் பரப்பினார். பெங்களூரில் கே.வி. ஐயர் தபால்வழி உடற்பயிற்சி வகுப்பு நடத்தினார். கடிதத்தைப் பிரித்து, படத்தைப் பார்த்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்த தலைமுறை நம் பக்கமும் இருந்தது.

இதற்கு நேர் எதிர், நம் ஊர்த் தேகப்பயிற்சிச் சாலை. அங்கே தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் முதல் வேலை பார்ப்பதுதான். முதுகு வளைந்தால் ஒரு தட்டு. முட்டி உள்பக்கம் சாய்ந்தால் ஓர் அதட்டல். புதிதாக வந்த பையன் அண்ணன்மாரைப் பார்த்து ஐம்பது தண்டால் போட முயன்றால் ‘பத்தோடு நிறுத்துடா’ என்று ஒரு கட்டளை. புத்தகத்துக்கும் தபாலுக்கும் இந்தக் கண் கிடையாது. பின்னால் வந்த வானொலி, தொலைக்காட்சி, கேசட், கைபேசி எதுவும் அந்தக் குறையை முழுதாகத் தீர்க்கவில்லை.

வானொலிப் பயிற்சியைப் பரப்பியவர்கள் உடற்பயிற்சி ஆசான்கள் அல்லர். மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1925 மார்ச்சில் நியூயார்க்கிலிருந்த தன் கோபுரத்திலிருந்து காலைப் பயிற்சியை ஒலிபரப்பியது. ஆர்தர் பேக்லி எண்ணிக்கை சொல்ல, வீடுகளில் மக்கள் குனிந்து நிமிர்ந்தார்கள். பாலிசிதாரர் நீண்ட நாள் வாழ்ந்தால் கம்பெனிக்கு லாபம், கணக்கு எளிமையானது. இதை அமெரிக்காவில் பார்த்துவிட்டுப் போன ஜப்பானியத் தபால் காப்பீட்டு அதிகாரிகள் ஊர் திரும்பி முயற்சி எடுக்க, 1928 நவம்பர் 1 அன்று அங்கே ‘ராஜியோ தாய்சோ’ என்ற வானொலிப் பயிற்சி தொடங்கியது. போருக்குப் பின் சிறிது காலம் நின்றுபோய், 1951இல் புது வடிவில் திரும்பி வந்தது. பதின்மூன்று அசைவுகள், மூன்று நிமிடம் சொச்சம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் காலையில் ஓரிடத்தில் கூடிப் பயிற்சி செய்து, வந்ததற்கு அடையாளமாக அட்டையில் முத்திரை வாங்கிக்கொள்வார்கள்.

1951லேயே சான்ஃபிரான்சிஸ்கோவின் உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஜாக் லாலேன் தோன்றினார். 1936இல் ஓக்லண்டில் பயிற்சிக்கூடம் திறந்தவர். பளு தூக்கினால் இதயம் கெட்டுவிடும் என்று டாக்டர்களே பயமுறுத்திய காலம் அது. அவரது நிகழ்ச்சி 1959இல் நாடு முழுக்கப் போய், 1985 வரை ஓடியது. பார்வையாளர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்த பெண்கள். கணவர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு கிடைக்கும் அரை மணி நேரம் அது. நாற்காலி, துண்டு, துடைப்பக் கட்டை என்று வீட்டில் கிடப்பதையே கருவியாக்கினார். தன் வெள்ளை நாயையும் அருகில் வைத்துக்கொண்டார். நாய்க்காகப் பிள்ளைகள் வருவார்கள், பிள்ளைகள் அம்மாவை இழுத்து வருவார்கள் என்பது அவர் போட்ட கணக்கு.

லாலேனின் பயிற்சிகள் நிதானமானவை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கியவர்களுக்குப் பெரிதாக அடிபட வாய்ப்பில்லை. வேகம் பின்னால்தான் வந்தது. அமெரிக்க விமானப்படை மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர் 1968இல் ‘ஏரோபிக்ஸ்’ என்ற நூலை எழுதினார். இதயத் துடிப்பைக் கூட்டி, சற்று நேரம் அங்கேயே வைத்திருப்பதுதான் ஆரோக்கியம் என்றார். அவர் சொன்னது ஓட்டம், நீச்சல், சைக்கிள். அடுத்த ஆண்டே ஜாக்கி சோரன்சன் அதை நடனத்தோடு சேர்த்தார். ஜூடி ஷெப்பர்டு மிசெட் ஜாஸ் நடனத்தைக் கலந்து ‘ஜாஸர்சைஸ்’ வகுப்பைத் தொடங்கினார். இசை வேகமானது. கால்கள் தரையை விட்டு எழும்பின.

இந்த அலையில்தான் ஃபோண்டா வருகிறார். 1979இல் பெவர்லி ஹில்ஸில் சொந்தப் பயிற்சிக்கூடம், 1981இல் புத்தகம். வருமானம் அவரும் கணவர் டாம் ஹேடனும் நடத்திய அரசியல் இயக்கத்துக்குப் போனது. புத்தகத்தைப் பார்த்த ஸ்டூவர்ட் கார்ல் என்ற வீடியோ வியாபாரி, இதை நாடாவாக எடுக்கலாம் என்று கேட்டு வந்தார். யோசனை அவர் மனைவி டெபியுடையது. ஃபோண்டாவிடம் அப்போது வி.சி.ஆர். கூடக் கிடையாது. தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். 1982 ஏப்ரலில் கேசட் கடைக்கு வந்தது. விலை 59.95 டாலர்.

அந்தக் காலத்தில் சினிமா கேசட்டை யாரும் வாங்குவதில்லை. ஓர் இரவு வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். உடற்பயிற்சி கேசட்டைத் தினமும் போட வேண்டும், அதனால் சொந்தமாக வாங்க வேண்டும். கேசட் வாங்கியவர் அதைப் போட்டுப் பார்க்க வி.சி.ஆரும் வாங்கினார். ஃபோண்டா அடுத்தடுத்து வெளியிட்ட நாடாக்கள் மொத்தம் 1 கோடியே 70 லட்சம் பிரதிகள் விற்றன. எரிச்சல் எடுக்கும்வரை விடாதே என்று தசையை உசுப்பும் அவரது அழைப்பு அந்தத் தலைமுறையின் முழக்கமாகவே ஆனது.

எரிச்சல் வேறு, வலி வேறு. கூடத்தில் தனியாக நிற்பவருக்கு அந்த வித்தியாசத்தை யார் சொல்வது?

கணக்கு வெளிவர மூன்று ஆண்டுகள் ஆயின. 1985இல் ஏரோபிக் நடனக் காயங்கள் பற்றி அமெரிக்காவில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில், கேள்வித்தாள் நிரப்பிய 135 பயிற்றுநர்களில் 76 சதவீதம் பேர் தங்களுக்குக் காயம் ஏற்பட்டதாகச் சொன்னார்கள். இன்னொன்றில் 1,233 மாணவர்களில் 43 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள். ஆசிரியர்களில் அங்கேயும் நாலில் மூன்று பேர். அதிகம் அடிவாங்கியது கணைக்காலின் முன்பக்கம். கடினமான தரை, பொருந்தாத காலணி, இடைவெளி விடாமல் வகுப்புக்குப் போவது ஆகியவை காரணங்களாகத் தெரியவந்தன. குதித்துத் தரையில் இறங்கும்போது கால் தாங்குவது உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு. ஒரு பாட்டுக்கு எத்தனை குதி, ஒரு வகுப்புக்கு எத்தனை பாட்டு என்று பெருக்கிப் பார்த்தால் எலும்பு ஏன் முனகியது என்பது புரியும்.

இந்த எண்கள் வகுப்பறையில் எடுத்தவை. எதிரே ஆசிரியர், சுவர் முழுக்கக் கண்ணாடி, பக்கத்தில் தோழிகள் இருந்த இடத்து நிலவரம் இது. வீட்டில் கேசட் போட்டவர்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதிகம் காயப்பட்டவர்கள் ஆசிரியர்கள். திரையில் சிரித்தபடி முன்வரிசையில் குதிப்பவர்தான் கூட்டத்திலேயே அதிகம் அடிபட வாய்ப்புள்ளவர். வீட்டில் இருப்பவர் அவரைத்தான் எட்டிப்பிடிக்கப் பார்த்தார்.

நாடாக்கள் திருந்தின. 1985இல் ஃபோண்டாவின் ‘நியூ வொர்க்அவுட்’ வந்தது. அடுத்த ஆண்டு குறைந்த அதிர்வு ஏரோபிக்ஸ் வந்தது. எந்நேரமும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும் என்பது அதன் ஒரே விதி. நீட்டிய தசையோடு துள்ளித் துள்ளி விரல் நுனியைத் தொடுவது, காலை நேராக நீட்டி வைத்துக்கொண்டு முழுதாக எழுந்து உட்காருவது, கழுத்தை முழுவட்டமாகச் சுழற்றுவது ஆகியவை மெல்ல மெல்லப் பாடத்திலிருந்து கழன்றன. ரீபோக் 1982இல் ஏரோபிக் வகுப்புப் பெண்களுக்கென்றே ‘ஃப்ரீஸ்டைல்’ காலணியைக் கொண்டுவந்திருந்தது. பயிற்றுநர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் அமைப்புகளும் இதே பத்தாண்டில்தான் வலுப்பெற்றன. அதுவரை நன்றாக ஆடத் தெரிந்தவர்தான் ஆசிரியர்.

அடுத்த திருப்பம் ஒரு முழங்கால். அட்லாண்டாவின் ஏரோபிக்ஸ் ஆசிரியை ஜின் மில்லருக்கு முட்டியில் காயம். முட்டியைச் சுற்றியுள்ள தசைகள் வலுப்பெற, பால் புட்டிகள் அடுக்கும் கிரேட்டின் மேல் ஏறி இறங்கச் சொன்னார் வைத்தியம் பார்த்தவர். சும்மா ஏறி இறங்கச் சலிப்பாக இருந்ததால் பாட்டைப் போட்டுக்கொண்டார் மில்லர். அதிலிருந்து பிறந்ததுதான் ஸ்டெப் ஏரோபிக்ஸ். 1989இல் ரீபோக் அதைப் பிளாஸ்டிக் பலகையாக்கி விற்றது. ஒரு முட்டிக்காகச் செய்த வைத்தியம், 90களில் உலகெங்கும் வீட்டுக் கட்டில்களுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

பாடம் படித்தாயிற்று என்று நினைத்தால், இல்லை. 1990களின் கடைசியில் பில்லி பிளாங்க்ஸின் ‘டே போ’, குத்தும் உதையுமாக நள்ளிரவு விளம்பரங்களில் விற்றது. அடுத்த பத்தாண்டில் டோனி ஹார்டனின் 90 நாள் டிவிடி வரிசையான ‘பி90எக்ஸ்’, பிறகு ஷான் டியின் 60 நாள் ‘இன்சானிட்டி’. கடைசியதன் பெயருக்கே பைத்தியம் என்றுதான் பொருள். இவற்றைக் கண்மூடித்தனம் என்று ஒதுக்கவும் முடியாது. பி90எக்ஸ், தொடங்கும் முன் உடல்தகுதிச் சோதனை ஒன்றைச் செய்து பார்க்கச் சொன்னது. இந்த வகை வீடியோக்களில் பின்வரிசையில் ஒருவர் அதே பயிற்சியை எளிதாக்கிச் செய்துகாட்டுவதும் வழக்கமானது. ஆனால் கேமரா நிற்பது முன்வரிசையில். பின்வரிசையைப் பார்த்துச் செய்ய வேண்டியவர் கண்ணும் அங்கேயே நிற்கிறது.

பல கை மாறுவதில் பயிற்சிக்கு என்ன ஆகிறது என்பதற்கு ‘டபாட்டா’ நல்ல சாட்சி. ஜப்பானின் இசுமி டபாட்டா 1996இல் வெளியிட்ட ஆய்வு அது. 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு. இப்படி ஏழெட்டுச் சுற்று. முறையை வகுத்தவர் ஸ்பீட் ஸ்கேட்டிங் அணியின் பயிற்சியாளர் இரிசாவா. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் உடற்கல்வி படித்த இளைஞர்கள். செய்தது ஆய்வகத்தில், ஓரிடத்தில் நிற்கும் சைக்கிளில். சைக்கிளில் களைத்துப்போனால் மிதி நிற்கும், அவ்வளவுதான். அதே கணக்கை வீடியோக்கள் குதித்தெழும் ஸ்குவாட்டுக்கும் பர்பீக்கும் மாற்றின. அங்கே களைத்தவருக்குக் கால் தடுமாறும். 2013இல் புகழ்பெற்ற ‘ஏழு நிமிடப் பயிற்சி’க்கும் இதே கதி. ரத்த அழுத்தமோ இதயநோயோ உள்ளவர்கள் சுவரில் சாய்ந்து உட்காருவது, பிளாங்க் போன்ற அசையாப் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும் என்று மூலக் கட்டுரையிலேயே அதை எழுதிய பிரெட் கிளிகா, கிறிஸ் ஜோர்டன் இருவரும் எச்சரித்திருந்தார்கள். ஏழு நிமிடம் பரவியது; எச்சரிக்கை வழியிலேயே தங்கிவிட்டது.

திரைக்குக் கண் வைக்கும் முயற்சியும் நடந்தது. நின்டெண்டோ 2007இல் வெளியிட்ட ‘வீ ஃபிட்’ விளையாட்டில், ஏறி நிற்கும் பலகை எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொன்னது. அதே ஆண்டு மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு குறுங்கடிதம். அதே நிறுவனத்தின் வீ விளையாட்டுக் கருவியில் பல மணி நேரம் டென்னிஸ் ஆடிய 29 வயது மருத்துவர் ஒருவர் மறுநாள் தோள்வலியோடு எழுந்தாராம். கடிதம் அந்த நோய்க்கு ‘வீஐட்டிஸ்’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டது. கையில் மட்டை இல்லை, பந்தும் இல்லை. தோளுக்கு அது தெரியவில்லை.

2020 மார்ச் 23. பிரிட்டனில் கொரோனாவால் பள்ளிகள் மூடிய பின் வந்த முதல் திங்கள்கிழமை. ஜோ விக்ஸ் என்ற பயிற்றுநர் தன் வீட்டு அறையிலிருந்து பிள்ளைகளுக்கான பயிற்சியை யூடியூபில் நேரலையாகத் தொடங்கினார். மறுநாள் ஒரே நேரத்தில் 9,55,185 இணைப்புகள், கின்னஸ் சாதனை. சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்ட கையோடுதான் அவர் அந்த நாட்களில் குதித்துக்கொண்டிருந்தார். பிறகு கைக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது மனைவி அவர் இடத்தில் நின்றார். நம் ஊரிலும் ஊரடங்கில்தான் பலர் முதல்முறையாகக் கைபேசியைச் சுவரில் சாய்த்துவைத்துப் பயிற்சி செய்தார்கள்.

இங்கே நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இந்த வீடியோக்கள் பெரும்பாலும் மரத்தளத்திலோ ரப்பர் விரிப்பிலோ, காலணி அணிந்தவர்களை வைத்து எடுக்கப்பட்டவை. நம் வீட்டுத் தரை கான்கிரீட்டின் மேல் ஒட்டிய டைல்ஸ், இல்லையென்றால் மொசைக், கிரானைட். வீட்டுக்குள் செருப்புப் போடுவதும் வழக்கமில்லை. 1985 ஆய்வுகள் சுட்டிய தரை, காலணி என்ற இரண்டு காரணங்களும் நம் கூடத்தில் ஒன்றாகவே குடியிருக்கின்றன. மெல்லிய யோகா பாய் வழுக்குவதைத் தடுக்கும். குதியின் அதிர்வை வாங்காது. பயிற்சிக்கென்று ஒரு ஜோடி காலணியைத் துடைத்து வீட்டுக்குள் வைத்துக்கொள்வதும், அது முடியாதபோது குதியை நடையாக மாற்றிக்கொள்வதும் ஆசாரத்துக்கும் முட்டிக்கும் ஒத்துப்போகும் வழிகள்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1970களில் உருவான, ஏழு கேள்விகள் கொண்ட தாள் ஒன்று இன்றும் பயனுள்ளது. இதயக் கோளாறு என்று டாக்டர் சொன்னதுண்டா, உடல் வருந்தும்போது நெஞ்சு வலிக்கிறதா, சும்மா இருக்கும்போதும் சமீபத்தில் வலித்ததா, தலைசுற்றி விழுந்ததுண்டா, எலும்பு மூட்டுத் தொல்லை உண்டா, ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து சாப்பிடுகிறீர்களா, வேறு காரணம் ஏதாவது உண்டா. ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்றால் முதலில் டாக்டர், பிறகு வீடியோ. ‘மருத்துவரைக் கேட்டுச் செய்யவும்’ என்று பல வீடியோக்களின் தொடக்கத்தில் ஓடி மறையும் வரிக்குப் பின்னால் இருப்பது இந்தக் கேள்விகள்தான்.

மற்றவை காயங்களே கற்பித்தவை. முதல் நாள் செய்யாமல் முழு வீடியோவையும் பார்த்துவிட வேண்டும். அடுத்து என்ன வருகிறது என்று திரையை நோக்கிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே குனிவதில்தான் பிடிப்பு விழுகிறது. உடம்பைச் சூடாக்கும் ஐந்து நிமிடத்தை ஓட்டிவிடக் கூடாது. புதிய பயிற்சிக்குப் பின் இரண்டாம் நாள் தொடையில் பரவலாக நோவெடுத்தால் பயமில்லை. ஓரிரு நாளில் தணியும். மூட்டில், ஒரே புள்ளியில், குத்தலாக வரும் வலி நிறுத்தச் சொல்கிறது. பழக்கமில்லாதவர் முதல் நாளே அளவுமீறிச் செய்து, தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது நோவு அல்ல. தசைநார் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கேசட் காலத்திலிருந்தே கருவியில் இருக்கும் நிறுத்தப் பொத்தான், தேகப்பயிற்சிச் சாலை வாத்தியாரின் ‘பத்தோடு நிறுத்துடா’வுக்கு ஈடாக வீட்டில் இருக்கும் ஒன்று. அதை அழுத்த வேண்டியவர் பயிற்சி செய்பவர்தான்.

ஜப்பானில் 1951இல் வகுத்த அதே அசைவுகள் இன்றும் தினமும் காலை ஆறரை மணிக்கு வானொலியில் ஒலிக்கின்றன. அதன் தொலைக்காட்சி வடிவத்தில் நின்றபடி செய்பவர்களுக்குப் பக்கத்திலேயே, அதே சட்டகத்துக்குள், ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதே பயிற்சியைச் செய்துகாட்டுகிறார்.